பாதி மழையைக் காணோம்: ஒரு மழைமானியும் ஒரு விக்கிப் பக்கமும்

ஐப்பசி அடைமழை தொடங்கி நாலாவது நாள். காலை எட்டரைக்குத் தோட்டத்து ஒபீசிலிருந்து கிளாக்கர் ஐயா போன் எடுத்தார்.

"தம்பி, நேத்து மழை எவ்வளவுன்னு சொல்லுது ஒங்க மிஷின்?"

"நாப்பத்தொம்பதரை, ஐயா."

அந்தப் பக்கம் பேரேடு புரளும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னார்: "எனக்கு எம்பத்தெட்டரை. மிச்சத்த எங்க விட்டுட்டு வந்துச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. மழைமானியில் பழுதில்லை. வயரில் பழுதில்லை. எதைப் படித்து மழைமானியை இணைத்தோமோ, அந்த விக்கிப் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில், எழுதிய நாளிலேயே பொய்யாக இருந்த வரி என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எதற்காக ஒரு மழைமானி

எங்கள் தோட்டம் பெரகலைக்கும் கொஸ்லாந்தைக்கும் நடுவே, வெல்லவாய வீதிக்கு மேலே இருக்கிறது. தலைக்கு மேல் ஹப்புத்தளை மலை விளிம்பு, காலுக்குக் கீழே சட்டென்று இறங்கும் பள்ளம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண் மூடியது இதே மலைச் சரிவில்தான். அதற்குப் பிறகு ராத்திரி மழை வலுத்தால் இங்கே யாருக்கும் முழுத் தூக்கம் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் மழைக் கணக்கு பிள்ளைகளுக்குக்கூடப் பாடம்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

ஒபீசில் மழைமானி உண்டு. தேயிலைத் தோட்டக்காரர்கள் மழையை அளந்து எழுதுவது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். பழைய பேரேடுகளில் அங்குலக் கணக்கில் இருக்கும். ஆனால் அதைப் பார்ப்பது காலையில் ஒரு தடவை. ராத்திரி இரண்டு மணிக்கு மழை 75ஐத் தாண்டியதா என்று அது எழுப்பிச் சொல்லாது. எங்களுக்கு அது வேண்டியிருந்தது.

நான் பண்டாரவளையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவன். உயர்தரம் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மூன்று பேர் கூடச் சேர்ந்தார்கள். ஒரு பழைய சாமான் கடையில் எவர்சில்வர் மழைமானி ஒன்று கிடைத்தது. எந்தத் திட்டத்துக்கு வந்து எப்படி அங்கே ஒதுங்கியதோ, பெட்டியும் இல்லை, கையேடும் இல்லை. அதோடு ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி ஒன்று, ஒரு பழைய ரூட்டர். வாசிகசாலைக் கூரையில் பூட்டிவிட்டோம். 24 மணித்தியால மழை 75ஐத் தாண்டினால் ஐந்து போன்களுக்குக் குறுஞ்செய்தி போகும் என்பது ஏற்பாடு.

மழைமானி வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டும். புனலுக்குள் விழும் தண்ணீர், ஏறியிறங்கும் பலகை மாதிரி இரண்டு பக்கமும் உள்ள சின்னக் கிண்ணங்களில் ஒன்றில் சேரும். நிறைந்ததும் அது சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு 'டக்'. நடுவில் இருக்கும் காந்தம் எதிரே உள்ள ரீட் சுவிட்சைக் கடக்கும்போது சுவிட்ச் ஒரு கணம் மூடித் திறக்கும். கணினிக்குத் தெரிவது அந்த மூடுதலும் திறத்தலும் மட்டும்தான். ஒரு டக்குக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த விக்கிப் பக்கம். ஒரு திறந்த மூல வானிலை மென்பொருளுக்காக அதன் பயனாளர்களே எழுதி வைத்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. பிள்ளைகள் போனில் தமிழாக்கிப் படித்தார்கள். "ஒரு உதவிக்குறிப்புக்கு 0.2794 மில்லிமீற்றர்" என்று வந்திருந்தது. மழையில் என்ன உதவிக்குறிப்பு? ஆங்கிலத்தில் 'டிப்' என்றால் சாய்வும்தான், உதவிக்குறிப்பும்தான். மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. நாங்கள் அரை மணித்தியாலம் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் 0.2794 என்ற எண்ணை யாரும் சந்தேகப்படவில்லை.

முதல் மூன்று மாதம்: பிழைமேல் பிழை, விடை சரி

ராஸ்பெரி பைக்கான பழைய இயங்குதளப் பதிப்பு ஒன்று என்னிடம் மெமரி கார்டில் இருந்தது. பக்கத்தில் சொன்ன நிரலை அப்படியே ஏற்றினோம். ஓடியது.

ஒரு நாள் ஒபீசில் 62 மில்லிமீற்றர், எங்களுக்கு 69.3. இன்னொரு நாளும் இதே மாதிரி கொஞ்சம் கூட. கிளாக்கர் ஐயா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "ஒபீஸ் பக்கம் ஒரு மழை, ஒங்க பக்கம் ஒரு மழை" என்றார். மலைநாட்டில் இது உண்மைதான். ஒரு மலையில் கொழுந்து எடுப்பவர்கள் நனைந்து ஓடுவார்கள், அடுத்த மலையில் வெயில் அடிக்கும். நாங்களும் அப்படியே நம்பினோம். எப்போதும் எங்கள் பக்கம்தான் கூடுகிறது, ஒருநாள்கூடக் குறையவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். உண்மையிலேயே மழை மாறினால் இரண்டு பக்கமும் மாறும்.

கார்டு செத்த பிறகு

மின்சாரம் போய்ப் போய் வந்ததில் கார்டு செத்தது. ராஸ்பெரி பை வைத்திருக்கிற யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை. புதுக் கார்டு வாங்கி, புதிய இயங்குதளத்தை இறக்கி, அதே பக்கத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தோம்.

முதல் வரியிலேயே முட்டியது. 'பை' என்ற பயனர் பெயரில் உள்ளே போகச் சொன்னது பக்கம். அப்படி ஒரு பயனர் இல்லை. 2022 ஏப்ரலிலிருந்து ராஸ்பெரி பை இயங்குதளத்தில் அது தானாக வருவதில்லை, நாமே பெயர் வைக்க வேண்டும். சரி. அடுத்தது வைஃபை. கடவுச்சொல்லை ஒரு கோப்பில் எழுதித் தொடக்கப் பிரிவில் போடச் சொன்னது. போட்டோம், சீந்தவில்லை, 2023 ஒக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பு வலைப்பின்னலை நெட்வொர்க் மனேஜர் என்ற வேறு நிரலிடம் கொடுத்துவிட்டது, பழைய கோப்பை அது பார்ப்பதில்லை. நிரலுக்கு வேண்டிய பைதன் நூலகத்தைப் பிப் என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவப் போனால், புக்வோர்முக்கு அடிப்படையான டெபியன் 12 மறுத்தது, தனிச் சூழல் ஒன்றை உண்டாக்கி அதற்குள் நிறுவு என்றது. கடைசியாக நிரலை ஓட்டினால், சுவிட்ச் மூடுவதைப் பிடிக்க முடியவில்லை என்று ஒரு பிழைச் செய்தி. இயங்குதளத்தின் உட்கருவான கேர்னலின் 6.6 பதிப்பில், வயர் செருகும் பின்களுக்கு உள்ளே கொடுக்கும் எண்கள் மாறியதால், அந்தப் பின்களைப் படிக்கும் பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ நூலகம் தடுமாறுகிறது.

ஒரு சனியும் ஒரு ஞாயிறும் இதிலேயே போனது. ஆனால் பக்கத்தின் அடியில் யாரோ ஒருவர் ஒரு குறிப்புச் சேர்த்திருந்தார்: புதிய கேர்னலில் பழைய நூலகம் வேலை செய்யாது, பதிலாக ஜிபிஐஓ ஸீரோ என்ற நூலகத்தைப் பயன்படுத்துங்கள். கூடவே ஏழெட்டு வரி நிரல். அதைப் போட்டதும் ஓடியது. அந்த மனிதருக்கு அன்றைக்கு மனதார நன்றி சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். விற்கிறவனின் கையேட்டுக்கு நாங்கள் காத்திருந்தால் மழைக்காலமே முடிந்திருக்கும்.

புனலைத் தூக்கி, கிண்ணத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். திரையில் 0.28 என்று வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அதே சோதனையை முதல் தடவையும் செய்திருந்தோம். அப்போது திரையில் வந்தது 0.56. மூன்று மாத இடைவெளியில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

நாலு வாரம் கழித்துத்தான் கிளாக்கர் ஐயாவின் அந்தப் போன். 88.5 என்றால் மஞ்சளைத் தாண்டிவிட்டது. எங்கள் ஐந்து போன்களில் ஒன்றுகூட அடிக்கவில்லை. அன்று மண் சரியவில்லை. சரிந்திருந்தால் இதை நான் இப்படி உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன்.

சேலைன் குழாய்

முதலில் செய்தது அளவுச் சோதனை. மழைமானியின் வாய் குறுக்களவு 200 மில்லிமீற்றர். அப்படியானால் வாயின் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது 31.4 மில்லிலீற்றர் தண்ணீர். 314 மில்லிலீற்றர் ஊற்றினால் 10 மில்லிமீற்றர் காட்ட வேண்டும். சேலைன் ஏற்றும் குழாய் ஒன்று வீட்டில் கிடந்தது. ஒரு போத்தலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, குழாயைச் செருகி, சக்கரத்தைத் திருகித் தண்ணீரை மெல்ல விட்டோம். மடமடவென்று ஊற்றக் கூடாது. கிண்ணம் கவிழ்கிற நேரத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் போய்விடும்.

இருபது நிமிடம். நிமிடத்துக்கு ஒரு டக் மாதிரி, நாங்கள் நாலு பேரும் காதால் எண்ணினோம். மொத்தம் இருபது டக். திரையில் 5.59.

இருபது டக்குக்குப் பத்து மில்லிமீற்றர் என்றால் ஒரு டக்குக்கு 0.5. பக்கம் சொன்ன 0.2794 இல்லை. பிறகு கிண்ணங்களைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தகட்டில் 0.5 என்று பொறித்தே இருந்தது. வயர் செருகுவதற்காக அதே இடத்தைத் திறந்தவன் நான்தான்.

சரி, அப்படியென்றால் முதல் மூன்று மாதம் எப்படிக் கிட்டத்தட்டச் சரியாகக் காட்டியது? செத்த கார்டில் இருந்த நிரலின் பிரதி பென்டிரைவில் இருந்தது. பழைய நூலகத்துக்கு மாற்றாக அதே கட்டளைகளை ஏற்கும் ஆர்பிஐ எல்ஜிபிஐஓ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுப் பழைய நிரலை ஓட்டி, மறுபடியும் 314 மில்லிலீற்றர் விட்டோம். அதே இருபது டக். திரையில் 11.18.

நிரலைத் திறந்து பார்த்தது மூவரில் ஒருத்தி. "சேர், இது மூடுறதையும் எண்ணுது, திறக்குறதையும் எண்ணுது" என்றாள். ஒரு டக் இரண்டாகக் கணக்காகியிருக்கிறது. இரண்டு தடவை 0.2794 என்றால் 0.5588. உண்மை 0.5. அதாவது அளவு பிழை, எண்ணிக்கையும் பிழை, இரண்டும் ஒன்றையொன்று மறைத்து, நூற்றுக்குப் பன்னிரண்டு கூடக் காட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது. அடிக்குறிப்பில் இருந்த புது நிரல் மூடுவதை மட்டும் எண்ணியது. எண்ணிக்கைப் பிழை திருந்தியது, அளவுப் பிழை தனியே நின்றது, மழை கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது.

இதை மண்சரிவுக் கணக்கில் வைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. உண்மையில் 150 பெய்து சிவப்பு வந்திருக்கும்போது எங்கள் திரை 83.8 என்று காட்டியிருக்கும். எல்லோரும் கிளம்ப வேண்டிய நேரத்தில் நாங்கள் மஞ்சள் என்று கவனமாக இருக்கச் சொல்லியிருப்போம்.

மூன்று கை

விக்கியின் நல்ல குணம், பழைய பதிப்புகளை அது அழிப்பதில்லை. பக்கத்தின் வரலாற்றை முதலிலிருந்து படித்தோம். அந்த நிரலில் மூன்று பேர் கை வைத்திருந்தார்கள்.

முதலாமவர் எழுதியது சுத்தமாக இருந்தது. கடைகளில் பரவலாக விற்கும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மழைமானி அவருடையது. அதில் ஒரு டக்குக்கு 0.011 அங்குலம், அதாவது 0.2794 மில்லிமீற்றர். மூடுவதை மட்டும் எண்ணினார். அவர் கருவிக்கு அது அத்தனையும் சரி.

இரண்டாமவர் கையால் செய்த மழைமானி வைத்திருந்தார். ரீட் சுவிட்சுக்குப் பதில் காந்தத்தின் திசைக்கு ஏற்ப நிலை மாறும் ஹோல் உணரி. அதில் ஒரு டக்குக்கு மூடும், அடுத்த டக்குக்குத் திறக்கும். மூடுவதை மட்டும் எண்ணினால் பாதி மழை போய்விடும். ஆகவே இரண்டையும் எண்ணு என்று மாற்றினார். மாற்றக் குறிப்பில் "தவறும் எண்ணிக்கை திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தார். உணரி வேறு என்று ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாமவர்தான் நான் நன்றி சொன்ன அடிக்குறிப்புக்காரர். புதிய கேர்னலில் எதுவும் ஓடாமல் கிடந்ததை ஓட வைத்தார். அவருடைய நிரல் ரீட் சுவிட்சுக்கு எழுதியது. மேலே இருந்த நிரலோடு அது முரண்படுகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்காது. மேலே உள்ளது அவரிடம் ஓடவே இல்லையே.

மூன்று பேரும் தங்கள் மேசையில் பார்த்த உண்மையை எழுதினார்கள். மேசையில் என்ன இருந்தது என்பதை எழுதவில்லை. படித்த எங்களுக்கு அது ஒரே ஆள் ஒரே நாளில் எழுதிய பக்கம் மாதிரித் தெரிந்தது.

"ஊர்க்காரன் எழுதினதை நம்பினால் இப்படித்தான், உத்தியோகபூர்வ ஆவணத்தைப் படித்திருக்க வேண்டும்" என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயனர் பெயர் மாறியதும் நெட்வொர்க் மனேஜர் வந்ததும் உத்தியோகபூர்வ அறிவிப்புகளில் ஒழுங்காக இருக்கின்றன. அதைப் படிக்காதது எங்கள் தப்பு. ஆனால் பழைய சாமான் கடையில் வாங்கிய பெயரில்லாத மழைமானிக்கு எந்த நிறுவனம் ஆவணம் எழுதும்? சமூகம் எழுதுவது அந்த இடைவெளியில்தான். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் நடத்திய திறந்த மூலக் கருத்துக்கணிப்பில், அரைகுறையான அல்லது காலாவதியான ஆவணங்கள் ஒரு பெரும் தொல்லை என்று 93 வீதம் பேர் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 வீதம் பேர் ஆவணம் எழுதுவதே இல்லை, அல்லது அபூர்வம். எல்லோரும் குறை சொல்கிற வேலையைச் சிலர் மட்டும் செய்கிறார்கள். அந்தச் சிலரில் மூவரைத்தான் நாங்கள் மேலே பார்த்தோம்.

ஆர்ச் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் விக்கியில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. ஒரு பகுதி பழையதாகிவிட்டது, அல்லது அதன் சரித்தன்மை சந்தேகம் என்று யாருக்காவது பட்டால், திருத்தத் தெரியாவிட்டாலும் அந்த இடத்திலேயே ஒரு பெட்டிக் குறிப்பு வைத்துவிடலாம். படிக்கிறவன் அங்கே வந்ததும் கால் தயங்கும். ஆர்ச் பயன்படுத்தாதவர்கள்கூட அந்த விக்கியைத் தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால், இரண்டாமவரின் மாற்றத்துக்குப் பக்கத்தில் யாராவது ஒரு கேள்விக்குறியாவது போட்டிருப்பார்கள்.

ஆனால் அதையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் சொல்கிறேன். பயனர் பெயர், வைஃபை, பிப், கேர்னல் என்று நாலு இடத்தில் பக்கம் பொய்த்தது, நாலும் கூச்சல் போட்டு நின்றன. அவற்றால் ஒரு வார இறுதி போனதே தவிர ஆபத்தில்லை. 0.2794 மட்டும் எந்தச் சத்தமும் போடவில்லை. சத்தம் போடாத பிழைக்கு யாரும் பெட்டி வைக்க மாட்டார்கள். அதைப் பிடித்தது ஒரு பேரேடும் ஒரு போத்தல் தண்ணீரும்.

நாங்கள் எழுதியது

அந்தப் பக்கத்தை நாங்களே திருத்தினோம். எண்ணும் முறையை உணரியின் வகைப்படி இரண்டாகப் பிரித்தோம். 0.2794 எந்த மழைமானிக்கு உரியது என்று அதன் பக்கத்திலேயே எழுதினோம். எந்த இயங்குதளத்தில், எந்தக் கேர்னலில் ஓட்டிப் பார்த்தோம் என்று தலைப்பில் போட்டோம். கடைசியில் சேலைன் குழாய்ச் சோதனை: "314 மில்லிலீற்றர் தண்ணீரை மெதுவாக விடுங்கள், 10 மில்லிமீற்றர் காட்ட வேண்டும்."

ஆங்கிலத்தை நான் எழுத, பிள்ளைகள் மூன்று தடவை சரிபார்த்தார்கள். பெருமையாக இருந்தது.

இரண்டாமவர் இரண்டு நாளில் பதில் எழுதினார். தன் உணரியைச் சொல்லாமல் விட்டதற்கு வருத்தப்பட்டு, படம் ஒன்றும் சேர்த்தார். அடுத்த வாரம் வேறொருவர் கேட்டிருந்தார்: 314 மில்லிலீற்றர் விட்டேன், 57 காட்டுகிறது, என் மழைமானி கெட்டுவிட்டதா?

அவருடையது முதலாமவர் வைத்திருந்த அதே சின்னப் பிளாஸ்டிக் வகை. புனலின் வாய் நீள்சதுரம், பரப்பு 55 சதுர சென்ரிமீற்றர் மட்டும். கருவியில் ஒரு குறையும் இல்லை. எங்கள் புனலின் வாய் 200 மில்லிமீற்றர் என்பதை நாங்கள் எழுதவில்லை.

அன்றைக்கே மாற்றினோம்: வாயின் பரப்பைச் சதுர சென்ரிமீற்றரில் எடுத்துப் பத்தால் வகுத்தால், ஒரு மில்லிமீற்றர் மழைக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று வரும். எந்தப் புனலுக்கும் பொருந்தும்.

இதைக் கிளாக்கர் ஐயாவிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து ஒபீஸ் மழைமானியில் சேர்ந்த தண்ணீரை ஊற்றி அளக்கும் கண்ணாடிக் குவளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பழையது பல வருஷத்துக்கு முன்பு உடைந்து, யாரோ வேறொரு தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். அடியில் ஐந்து அங்குல மழைமானிக்கு என்று பொறித்திருந்தது.

"வெளிய நிக்கிறது அஞ்சு அங்குலந்தானான்னு நான் அளந்ததில்லையே தம்பி."

குடையைப் பிடித்துக்கொண்டு அடிமட்டத்தோடு போனோம். வாய் 127 மில்லிமீற்றர். ஐந்து அங்குலம்தான். உள்ளே வந்து, பேரேட்டின் முதல் பக்கத்தில் அந்த எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதி, என்னிடம் காட்டிவிட்டுத்தான் மூடினார்.